பட்டியலில் இல்லாத பெயர்

போன இதழில் திருப்பூர் வாசகர் ஒருவர் கேட்டதற்காக, ஐஸ் ஹாக்கி வீரர் கிரில் கப்ரிஸோவின் புது ஒப்பந்தத்தைப் பற்றி நாலே வரி எழுதியிருந்தேன். அதற்குக் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. பாதிப் பேருக்குப் பிள்ளைகள் டொராண்டோவிலோ மினியாபோலிஸிலோ இருக்கிறார்கள். டொராண்டோவில் ராத்திரி ஏழு மணி ஆட்டம் என்றால் இங்கே குளிர்காலத்தில் காலை ஐந்தரை, பால் கறக்கிற நேரம். பேரனோடு வீடியோ காலில் ஆட்டம் பார்த்துப் பழகிவிட்ட தாத்தாக்கள் மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். சரி, இந்தத் தடவை முழுக்க ஐஸ் ஹாக்கிதான். சம்பளமும், அணியில் எடுக்காமல் விட்ட கதைகளும்.

கேள்வி: ஒரு ஆளுக்கு வருசத்துக்கு 1.7 கோடி டாலர் என்று எழுதினீர்கள். எங்கள் கம்பெனியில் ஒரு வருசம் மொத்த ஏற்றுமதியே அவ்வளவு வராது. ஒரு கட்டையை வைத்துக்கொண்டு பனியில் சறுக்குகிறவனுக்கு இது அநியாயம் இல்லையா?
– கணக்காளர், திருப்பூர்

நீங்கள் கணக்காளர் என்பதால் கணக்காகவே பேசுவோம். 2025 செப்டம்பர் கடைசியில் மினசோட்டா வைல்ட் அணியோடு கப்ரிஸோவ் போட்டது 8 வருச ஒப்பந்தம், மொத்தம் 13.6 கோடி டாலர். நம் பணத்தில் ஏறக்குறைய 1,200 கோடி ரூபாய். வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல். வரலாற்றில் இதுவரை யாருக்கும் இவ்வளவு எழுதித் தந்ததில்லை. 2026-27 சீசனில் இருந்துதான் அது நடைமுறைக்கே வருகிறது.

இதில் இரண்டு விசயத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலாவது, அந்த லீக்கின் ஹாக்கி வருமானத்தில் பாதி வீரர்களுக்கு, பாதி முதலாளிகளுக்கு என்று 2013 முதல் எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறது. அதனால் ஒரு வீரருக்குக் கொடுத்தது அதிகம் என்று நாம் வருத்தப்பட்டாலும், அந்தப் பணம் டிக்கெட் வாங்கியவருக்குத் திரும்பப் போகாது, இன்னொரு வீரருக்குத்தான் போகும். இரண்டாவது, ஒவ்வொரு அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. 2004-05 சீசன் முழுவதையும் ஒரு ஆட்டம்கூட நடத்தாமல் ரத்து செய்து, முதலாளிகள் சண்டை போட்டு வாங்கிய விதி அது. முதல் வருசம் ஓர் அணிக்கு 3.9 கோடி டாலர் என்று ஆரம்பித்தது, 2025-26இல் 9.55 கோடி, 2026-27க்கு 10.4 கோடி. ஒரே ஆளுக்கு இதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்கக் கூடாது.

கால்குலேட்டரை எடுங்கள். 10.4இல் 1.7 என்றால் நூற்றுக்குப் பதினாறு சொச்சம். 2008இல் அலெக்ஸ் ஒவெச்கினுக்கு வாஷிங்டன் அணி 13 வருசத்துக்கு 12.4 கோடி டாலர் கொடுத்தபோது இதே மாதிரிதான் எல்லோரும் வாயில் கை வைத்தார்கள். அது வருசத்துக்கு 95 லட்சம் சொச்சம், அன்றைய உச்சவரம்பு 5.67 கோடி. பங்கு போட்டுப் பாருங்கள், பதினாறு, பதினேழுக்குள்தான் வரும். பானை பெரிதாகியிருக்கிறது, கரண்டி அதேதான். அந்த ஒவெச்கின், 2025 ஏப்ரல் 6 அன்று 895ஆவது கோல் அடித்து வெய்ன் கிரெட்ஸ்கியின் கோல் சாதனையைத் தாண்டினார். கொடுத்த காசு வீண் என்று இன்றைக்கு யார் சொல்வார்கள்?

கேள்வி: உலகத்திலேயே சிறந்த ஆட்டக்காரர் கானர் மெக்டேவிட் என்கிறார்கள். அவர் கப்ரிஸோவைவிடக் குறைவாக வாங்குகிறாரே, பெருந்தன்மையா?
– ஆசிரியை, கோபி

அவர் எட்மண்டன் அணியோடு 2025 அக்டோபரில் இரண்டே வருசத்துக்கு நீட்டித்தார், வருசத்துக்கு 1.25 கோடி டாலர். 2017இல் கையெழுத்துப் போட்ட அதே தொகை, ஒரு காசு கூட்டவில்லை. அவர் அணித் தலைவர், ஆனால் அதே அணியின் லியோன் டிரைசைட்டல் 1.4 கோடி வாங்குகிறார். 2024, 2025 இரண்டு வருசமும் லீக்கின் பட்டமான ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றில் புளோரிடாவிடம் தோற்ற அணி அது. மிச்சப் பணத்தில் நல்ல ஆட்களைப் பிடியுங்கள் என்கிற அர்த்தம் அதில் இருக்கிறது, மதிக்கிறேன். இரண்டே வருசம் என்பதிலும் ஒரு அர்த்தம் இருக்கிறது டீச்சர், கோப்பைக்கு வழி செய்யாவிட்டால் கிளம்பிவிடுவேன் என்பது.

ஆனால் இதை மற்றவர்களுக்கு அளவுகோலாக ஆக்கக் கூடாது. சோமனூர், பல்லடம் பக்கம் கூலிக்கு நெசவு ஓட்டுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள், ஒருவர் குறைந்த கூலிக்குத் தறி ஓட்டச் சம்மதித்துவிட்டால் அடுத்த நாள் அந்தத் தெரு முழுவதும் அதே கூலிதான். "அவரே ஒண்ணும் கேக்கலை, உனக்கென்னப்பா" என்கிற ஒரு வாக்கியம் போதும். மெக்டேவிட்டுக்கு விளம்பர வருமானம் இருக்கிறது, மூன்றாவது வரிசையில் ஆடி இரண்டு முட்டியும் தேய்ந்துபோன ஆளுக்கு என்ன இருக்கிறது?

கேள்வி: கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு உள்ளே விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவோம். பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூடத் தெரியாது. இவர்கள் எப்படி ஒருத்தர் சம்பளம் இன்னொருத்தருக்குத் தெரிய விட்டார்கள்?
– விவசாயி, காங்கேயம்

அண்ணா, வந்த கடிதங்களிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது உங்கள் கேள்விதான். அவர்களும் பல காலம் துண்டுக்குள்தான் பேசினார்கள்.

கோர்டி ஹோவ் என்று ஒருவர். 1946இல் இருந்து டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணிக்காக ஆடியவர், அந்தக் காலத்துக்கு அவர்தான் எல்லாம். ஒவ்வொரு வருசமும் ஒப்பந்தம் பேசப் போகும்போது, "அணியிலேயே உனக்குத்தான் அதிகம்" என்று சொல்வார்கள், அவரும் நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். இருபது வருசத்துக்கு மேல் இப்படியே போனது. 1968இல் பாப் பான் என்ற தடுப்பாட்டக்காரர் அந்த அணிக்கு வந்து சேர்ந்தார். அவர்தான் ஹோவிடம் தன் சம்பளத்தைச் சொன்னார். அது ஹோவ் வாங்கியதைவிடக் கணிசமாக அதிகம். ஹோவ் முதலாளியிடம் போய் ஒரு லட்சம் டாலர் கேட்டார், முதலாளியும் கொடுத்துவிட்டார். கேட்டவுடனே கொடுக்க முடிந்தது என்றால், அதுவரை ஏன் கொடுக்கவில்லை என்பதுதான் அந்த மனிதரின் நெஞ்சில் தங்கிய கேள்வி.

1990 வாக்கில்தான் வீரர் சங்கம் எல்லோருடைய சம்பளத்தையும் வெளிப்படையாக்கச் சம்மதித்தது. அதற்கப்புறம் சம்பளம் ஏறிய வேகத்தைப் பார்த்தால், துண்டு யாருக்காக விரித்திருந்தது என்பது தெரிந்துவிடும். மாடு வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நடுவில் தரகர் ஒருவர் நிற்பார், அவருக்கு மட்டும் எல்லா விலையும் தெரியும். ஹாக்கியில் அந்தத் தரகர் இடத்தில் நின்றவர் அணியின் மேலாளர், ஆனால் அவர் முதலாளியின் ஆள்.

கேள்வி: நீண்ட கால ஒப்பந்தம் போட்டு ஏமாந்த அணிகள் உண்டா?
– நூல் வியாபாரி, அவிநாசி

நிறைய. இரண்டு மட்டும் சொல்கிறேன். நியூயார்க் ஐலண்டர்ஸ் அணி 2006இல் கோல் கீப்பர் ரிக் டிப்பியட்ரோவுக்கு 15 வருசத்துக்கு 6.75 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. அவர் காயத்துக்கு மேல் காயம் பட்டுப் படுத்தே கிடந்தார். 2013இல் ஒப்பந்தத்தை முறித்தார்கள். முறித்ததற்காக 2029 வரை வருசா வருசம் 15 லட்சம் டாலர் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்து இலியா கோவல்சுக். 2010இல் நியூ ஜெர்சி அணி 17 வருச ஒப்பந்தம் போட, லீக் அதை உச்சவரம்பை ஏய்க்கிற வேலை என்று தள்ளியது. பிறகு 15 வருசம், 10 கோடி டாலர் என்று திருத்திப் போட்டார்கள். 2013இல் அவர் அதில் 7.7 கோடி டாலரை வேண்டாம் என்று விட்டுவிட்டு ரஷ்யாவுக்கே போய்விட்டார். இப்படிப்பட்ட நீண்ட ஒப்பந்தங்களைப் பார்த்துத்தான் 2013 ஆரம்பத்தில், சொந்த அணி என்றால் அதிகபட்சம் 8 வருசம் என்று கட்டினார்கள்.

கேள்வி: புளோரிடா அணிக்கு ஏன் எல்லோரும் ஓடுகிறார்கள்? வரியா, வெயிலா?
– லாரி உரிமையாளர், நாமக்கல்

இரண்டும். புளோரிடா, டெக்சாஸ், நெவாடா, டென்னசி மாநிலங்களில் மாநில வருமான வரி கிடையாது, அதனால் அதே தொகை எழுதினாலும் கைக்கு வருவது கூடும். ஆனால் வெளியூர் போய் ஆடுகிற நாட்களுக்கு அந்தந்த ஊர் வரி உண்டு. ஒவ்வொரு மாநிலத்திலும் பர்மிட் கட்டுகிற உங்களுக்கு இது புதிதல்ல.

கேள்வி: சர்வதேச ஐஸ் ஹாக்கியில் ஒரு வீரரை அணியில் எடுக்காமல் விட்டதில் மிகப் பெரிய அநியாயம் எது? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.
– கல்லூரி மாணவர், ஈரோடு

பாபி ஹல், 1972. யோசிக்காமலே சொல்வேன், ஏனென்றால் சம்பளமும் புறக்கணிப்பும் ஒரே ஆளின் தலையில் ஒரே கோடையில் இறங்கியது அப்போதுதான்.

அதுவரை உலகப் போட்டிகளில் கனடா தன் தொழில்முறை வீரர்களை அனுப்ப முடியாது, சோவியத் ஒன்றியமோ ராணுவ அணியின் பெயரில் முழுநேர வீரர்களை அனுப்பித் தங்கமாகத் தூக்கிக்கொண்டு போகும். கடைசியில் 1972 செப்டம்பரில் இரண்டு நாடுகளும் தங்கள் முழு பலத்தோடு எட்டு ஆட்டம் மோதுவது என்று முடிவானது. கனடா மக்களுக்கு அது வெறும் ஆட்டம் அல்ல, எங்கள் ஆட்டம் யாருடையது என்கிற வழக்கு.

ஹல் சிகாகோவுக்காக ஆடிய சூரர், அடித்தால் பக் (பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டு) கண்ணுக்கே தெரியாது. அதே வருசம் என்.ஹெச்.எல்.லுக்குப் போட்டியாக டபிள்யூ.ஹெச்.ஏ. என்று ஒரு லீக் ஆரம்பித்தார்கள். ஜூன் 27 அன்று வினிபெக் நகரின் பெரிய நாற்சந்தியில் கூட்டம் சூழ்ந்து நிற்க, ஆளுயரத்தில் பாதி இருக்கும் அட்டைச் செக்கில் 10 லட்சம் டாலர் என்று எழுதி ஹல்லிடம் கொடுத்து அவரை இழுத்துக்கொண்டது அந்த லீக். அன்றைக்கு ஒரு விளையாட்டுக்காரனுக்கு அது கேள்விப்படாத தொகை.

கனடா அணியை அறிவிக்கும்போது ஹல்லின் பெயரும் அதில் இருந்தது. ஆனால் என்.ஹெச்.எல். முதலாளிகள் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: எங்களோடு ஒப்பந்தம் உள்ளவன் மட்டும்தான் ஆட வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் வீரர்களைத் தர மாட்டோம். ஹல் வெளியே போனார். பிரதமர் பியர் ட்ரூடோவே பகிரங்கமாகக் கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. ஹல்லின் தம்பி டென்னிஸ் ஹல் அணியில் இருந்தார். அண்ணனுக்காக நானும் விலகுகிறேன் என்றார் தம்பி, நீ போய் ஆடு என்று அனுப்பி வைத்தார் அண்ணன். நம்மூரில் பங்காளிச் சண்டையில் கோயில் முதல் மரியாதையை நிறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள், அது மாதிரிதான் இதுவும். ஆள் தகுதி இல்லாதவர் என்று யாரும் சொல்லவில்லை, எங்களை விட்டுப் போனாயல்லவா, சாமிக்கு முன்னால் நிற்காதே என்றார்கள்.

மாண்ட்ரியலில் நடந்த முதல் ஆட்டத்தில் கனடா 3-7 என்று அடி வாங்கியது. அப்புறம் தட்டுத் தடுமாறி எழுந்து, மாஸ்கோவில் செப்டம்பர் 28 அன்று எட்டாவது ஆட்டத்தில் 34 விநாடி மிச்சம் இருக்கும்போது பால் ஹெண்டர்சன் அடித்த கோலால் 4-3 என்று தொடரை வென்றது, ஓர் ஆட்டம் சமன். ஜெயித்துவிட்டார்களே என்று ஹல் விசயத்தை மறந்துவிடுகிறார்கள் பலர். என் மனதில் அது ஆறுவதில்லை. 1974இல் புது லீக்கின் வீரர்களை வைத்துக் கனடா மறுபடி சோவியத்துடன் எட்டு ஆட்டம் ஆடியது, அதில் ஹல் ஆடினார். பக்கத்தில் யார் தெரியுமா? காங்கேயம் அண்ணனுக்குச் சொன்னேனே, அந்த கோர்டி ஹோவ், 46 வயதில். அந்தத் தொடரில் கனடா தோற்றது. ஆனாலும் முதலாளிகளிடம் பேரம் பேசிய இரண்டு பேர் நாட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்ற அந்தக் காட்சிக்காகவே அதை நான் தோல்வி என்று எண்ணுவதில்லை.

கேள்வி: அணியில் இருந்தும் ஆட விடாததைப் பற்றி எழுதுங்கள்.
– வாசகி, உடுமலை

1998, நாகானோ ஒலிம்பிக், பிப்ரவரி 20. என்.ஹெச்.எல். வீரர்கள் ஆடிய முதல் ஒலிம்பிக் அது. அரையிறுதியில் கனடாவும் செக் குடியரசும் 1-1. ஷூட் அவுட். ஆளுக்கு ஐந்து பேர் தனியாகப் போய் கோல் கீப்பரை எதிர்கொள்ள வேண்டும். பயிற்சியாளர் மார்க் கிராஃபோர்ட் ஐந்து பேரைச் சொன்னார், அதில் கிரெட்ஸ்கி இல்லை. உலகத்தில் அன்றுவரை யாரும் அடிக்காத அளவு கோல் அடித்தவர், 37 வயது, சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். டொமினிக் ஹாசெக் ஐந்து பேரையும் நிறுத்தினார். எல்லோரும் எழுந்து போன பிறகும் கிரெட்ஸ்கி மட்டும் அந்தப் பெஞ்சில் இருந்தார், அந்தப் படத்தை என்னால் நீண்ட நேரம் பார்க்க முடிவதில்லை அம்மணி. அவரை அனுப்பியிருந்தால் அடித்திருப்பார் என்று நான் சொல்லவரவில்லை. ஹாசெக் அன்றைக்கு இருந்த நிலையில் யார் போயிருந்தாலும் சந்தேகம்தான். தோற்கிற உரிமையையாவது கிரெட்ஸ்கிக்குக் கொடுத்திருக்கலாம்.

கேள்வி: எங்கள் சின்னப்பம்பட்டி நடராஜனுக்கு நடந்ததைவிட அதெல்லாம் பெரிதா? அவரைப் பற்றி நீங்கள் எழுதவே மாட்டேன் என்கிறீர்களே!
– வாசகர், ஓமலூர்

கோபப்படாதீர்கள், இதோ. 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு வலைப்பயிற்சிக்குப் பந்து போடத்தான் கூட்டிப்போனார்கள். திரும்பி வரும்போது ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமாகி, பிரிஸ்பேன் வெற்றியிலும் பங்கு வாங்கிக்கொண்டு வந்தார். 2021 மார்ச்சுக்குப் பிறகு இந்தியச் சட்டை போடவில்லை. முட்டி அறுவைச் சிகிச்சை நடந்தது, உண்மை. ஆனால் 2024 ஐபிஎல்லில் ஐதராபாத்துக்காக 19 விக்கெட் எடுத்தாரே, அதன் பிறகும் கூப்பிடவில்லை. அந்த வருசக் கடைசி ஏலத்தில் டெல்லி 10.75 கோடிக்கு எடுத்தது, எடுத்துவிட்டுப் பெரும்பாலான ஆட்டங்களில் வெளியிலேயே உட்காரவைத்தது. பத்தே முக்கால் கோடி கொடுத்து வாங்கிய ஒருவரை உட்காரவைக்கிறார்கள் என்றால், விலையும் மதிப்பும் ஒன்று என்று நினைக்கிற நாம்தான் திருத்திக்கொள்ள வேண்டும். அந்த மனிதர் ஊரில் பிள்ளைகளுக்கு மைதானம் கட்டிக்கொடுத்திருக்கிறார். ஓமலூர்க்காரர் நீங்கள் அங்கே போய்ப் பார்த்திருப்பீர்கள்.

கேள்வி: அணியின் முதலாளி பக்கத்து ஆளே நாட்டு அணியையும் தேர்ந்தெடுக்கலாமா? சொந்தக்காரனைத் தூக்கி வைக்க மாட்டாரா?
– பஸ் பாடி கட்டும் பட்டறைக்காரர், கரூர்

தூக்கி வைத்தால் ஒரு பிரச்சினை, தூக்கி வைக்காவிட்டால் அதைவிடப் பெரிய பிரச்சினை. 2014 சோச்சி ஒலிம்பிக்கைப் பாருங்கள். கனடா அணியைத் தேர்ந்தெடுத்தவர் ஸ்டீவ் ஐசர்மன். அவரே டாம்பா பே அணியின் பொது மேலாளர். டாம்பா பே அணித் தலைவர் மார்ட்டின் சென் லூயி, முந்தைய சீசனில் கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர், வயது 38. சின்ன வயதில் இவரை எந்த அணியும் இளம் வீரர்களை எடுக்கும் தேர்வுச் சந்தையில் தொடவில்லை, குள்ளம் என்று ஒதுக்கினார்கள். ஜனவரி 7 அன்று அறிவித்த பட்டியலில் அவர் பெயர் இல்லை. 2010 வான்கூவருக்கும் இதே ஐசர்மன் பட்டியலில் அவர் இல்லை. தினமும் காலையில் யாருக்காக ஆடுகிறாரோ, அவரே நீ போதாது என்கிறார்.

அப்புறம் ஸ்டீவன் ஸ்டாம்கோஸ் உடைந்த கால் சரியாகாமல் விலக, அந்த இடத்தில் சென் லூயியைச் சேர்த்தார்கள். போனார், ஐந்து ஆட்டத்தில் ஆடினார், தங்கப் பதக்கத்தோடு வந்தார். வந்ததும் மார்ச் 5 அன்று நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு மாறிப் போய்விட்டார், தானாகக் கேட்டு வாங்கிய மாற்றம். தங்கம் கழுத்தில் இருந்தும் அந்த வீட்டில் இருக்க மனமில்லை. பேராசை என்று எழுதினார்கள் சிலர். நான் அப்படி நினைக்கவில்லை.

இதே கதை மறுபடியும் வருகிறது. 2026 ஒலிம்பிக்குக்கு அமெரிக்க அணியைத் தேர்ந்தெடுத்த பில் கெரின் வேறு யாருமல்ல, மினசோட்டா வைல்ட் அணியின் பொது மேலாளர், கப்ரிஸோவுக்கு 13.6 கோடியில் கையெழுத்து வாங்கிய அதே கை. அவர் அணியின் மேட் போல்டி, பிராக் ஃபேபர் இரண்டு பேரும் பட்டியலில் உண்டு, தகுதியோடுதான் வந்தார்கள். ஆனால் டல்லாஸின் ஜேசன் ராபர்ட்சனும் நியூயார்க்கின் ஆடம் ஃபாக்ஸும் இல்லை என்றதும் சந்தேகம் கிளம்பிவிட்டது பாருங்கள். அவர் யோக்கியராகவே இருக்கலாம், இரண்டு தொப்பியில் ஒன்றைக் கழற்றி வைத்திருந்தால் அந்தப் பேச்சே வந்திருக்காது.

இதை ஏன் இவ்வளவு அழுத்தி எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது மாவட்டக் கைப்பந்து அணிக்கான தேர்வுக்குப் போனேன். மூன்று நாள். கடைசி நாள் சாயங்காலம் பயிற்சியாளர் என்னோடு டீ குடித்தார், தோளில் தட்டினார். மறுநாள் காலையில் அப்பா டிவிஎஸ் 50இல் முப்பது கிலோமீட்டர் கூட்டிக்கொண்டு வந்தார். ஆபீஸ் கதவில் கார்பன் தாளில் எழுதிய பட்டியல், பசை இன்னும் காயவில்லை, ஓரத்தில் வழிந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு பெயர். அப்பா விரலை வைத்து மேலிருந்து கீழே படித்தார், மறுபடி படித்தார், மூன்றாவது தடவை கீழிருந்து மேலே படித்தார். பயிற்சியாளர் உள்ளேதான் இருந்தார், ஜன்னல் வழியாக அவர் சட்டை தெரிந்தது. வெளியே வரவில்லை. "போலாமா கண்ணு" என்று மட்டும் சொல்லி அப்பா வண்டியை எடுத்தார். என்னைவிட நன்றாக ஆடியவர்கள் பன்னிரண்டு பேர் அங்கே இருந்தார்கள், அது அன்றைக்கே எனக்குத் தெரியும். அந்த மனிதர் வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பா மூன்றாவது தடவை படித்திருக்க மாட்டார்.

கேள்வி: நான் ரோலர் ஸ்கேட்டிங் செய்கிறேன். பெண்களுக்கும் இந்த ஆட்டத்தில் இப்படிக் கோடி கோடியாகக் கொடுக்கிறார்களா?
– மாணவி, பொள்ளாச்சி

இல்லை அம்மணி, பக்கத்தில்கூட இல்லை. அமெரிக்கப் பெண்கள் அணியில் ஆளுக்கு, ஒலிம்பிக்குக்கு முந்தைய ஆறு மாதம் மட்டும் மாதம் 1,000 டாலர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், மற்ற காலத்தில் ஒன்றும் இல்லை. 2017இல் உலகப் போட்டி அவர்கள் நாட்டிலேயே நடக்கப்போகிறது, சரியான சம்பளம் இல்லாவிட்டால் ஆட மாட்டோம் என்று மொத்த அணியும் சேர்ந்து நின்றது. இவர்களுக்குப் பதில் ஆள் தேடிக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், கூப்பிட்ட பெண்கள் பலரும் வர மாட்டோம் என்றார்கள். மார்ச் 28 அன்று அமெரிக்க ஹாக்கிச் சங்கம் இறங்கி வந்து ஒப்பந்தம் போட்டது. சில நாளிலேயே அதே அணி இறுதி ஆட்டத்தில் கனடாவைக் கூடுதல் நேரத்தில் 3-2 என்று ஜெயித்தது, ஹிலரி நைட் அடித்த கோல். கூலிக்காகக் கதவடைத்து நின்று ஜெயித்து, பிறகு தறியையும் நன்றாக ஓட்டிக் காட்டியவர்களின் கதை இது. 2024 ஜனவரியில் பெண்களுக்கென்று பி.டபிள்யூ.ஹெச்.எல். லீக் ஆரம்பித்தபோது குறைந்தபட்சச் சம்பளம் வருசத்துக்கு 35,000 டாலர். கப்ரிஸோவ் அதை ஒரு நாளில் சம்பாதித்துவிடுவார்.

விட்டுவிட்ட கதை இங்கேயும் உண்டு. அலெக்ஸ் கார்பெண்டர் 2016 உலகப் போட்டி இறுதியில் கூடுதல் நேரத்தில் தங்கக் கோல் அடித்தவர். 2018 ஒலிம்பிக் அணியில் அவரை எடுக்கவில்லை. விட்டுப்போகாமல் ஆடி 2022இல் மறுபடி வந்தார்.

நம் நாட்டுப் பெண்களையும் தெரிந்துகொள்ளுங்கள். அணியில் பெரும்பாலோர் லடாக்கைச் சேர்ந்தவர்கள், குளிர்காலத்தில் உறைந்துபோன குளத்தில் பழகியவர்கள். 2016இல்தான் தேசிய அணியே உண்டானது, 2017இல் பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்றது அவர்களின் முதல் வெற்றி, 2025இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் அய்னில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம். உங்கள் காலில் ஏற்கெனவே சக்கரம் இருக்கிறது, பனிக்கு மாறுவது நீங்கள் நினைக்கிற அளவு தூரமில்லை.

கேள்வி: 25 பேர் அணியில் எப்படியும் யாராவது வெளியே இருந்துதான் ஆக வேண்டும். எடுக்கவில்லை என்றால் அழுவதா? வேலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.
– ஓய்வு பெற்ற அலுவலர், தாராபுரம்

ஐயா, ஒலிம்பிக் அணிக்கு 25 பேர்தான், அதில் மூன்று பேர் கோல் கீப்பர், மீதி 22 இடத்துக்கு நூறு பேர் தகுதியோடு நிற்பார்கள், நீங்கள் சொல்வது சரி. எடுக்காததில் எனக்குக் குறையில்லை. பதினெட்டு வயது சிட்னி கிராஸ்பியை 2006 டூரின் ஒலிம்பிக்குக்கு எடுக்கவில்லை. அந்தக் கனடா அணி சுவிட்சர்லாந்து, பின்லாந்து, ரஷ்யா மூன்று பேரிடமும் 0-2 என்று தோற்று ஏழாம் இடத்துக்குப் போனது. 2010இல் அதே கிராஸ்பி வான்கூவரில் தங்கக் கோல் அடித்தார். தேர்வுக்குழு தப்புக் கணக்குப் போடுவது சகஜம், அதை யாரும் ஒழிக்க முடியாது.

நான் கேட்பது வேறு. சம்பளம் பேசும்போது மேசைக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் உட்கார்ந்து, வக்கீலை வைத்து, ஒவ்வொரு வரியையும் படித்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். அதே மரியாதையில் பத்தில் ஒரு பங்கை, வேண்டாம் என்று சொல்லும்போதும் காட்டலாம். நேரில், காரணத்தோடு, அவனிடம் மட்டும். 2014இல் அமெரிக்கா பாபி ரயனை எடுக்கவில்லை. தேர்வு அறைக்குள் பத்திரிகையாளர்களை உட்காரவைத்திருந்தார்கள், பட்டியல் வெளியானதும் அந்த அறைப் பேச்சும் அச்சில் வந்துவிட்டது. இவனிடம் தீவிரம் இல்லை என்று ஒரு பெரிய மனிதர் சொன்னதை அந்தப் பையன் ஊரோடு சேர்ந்து படித்தான். என் பயிற்சியாளர் எதுவும் சொல்லாமல் உள்ளே உட்கார்ந்திருந்தார், இவர்கள் உலகத்துக்கே சொன்னார்கள். இரண்டிலும் சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லவில்லை.

சென் லூயி இப்போது ஆடுவதில்லை. 2022 பிப்ரவரியில் இருந்து மாண்ட்ரியல் அணியின் பயிற்சியாளர். லீக் அணியில் 23 பேர் இருக்கலாம், ஓர் ஆட்டத்துக்கு 20 பேர்தான் இறங்க முடியும். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும், இன்றைக்கு உனக்கு இடமில்லை என்று மூன்று பேரிடம் அவர் சொல்ல வேண்டியிருக்கிறது.